எட்டாம் நம்பர் கால்

ஷூ தொழிற்சாலையில் என் அண்ணனைப் பெயர் சொல்லி யாரும் கூப்பிட்டதில்லை. 'எட்டாம் நம்பர்' என்றுதான் சொல்வார்கள். எந்தப் புது மாடலானாலும் முதல் ஜோடியை எட்டாம் அளவில்தான் தைப்பார்கள். அச்சில் வார்த்ததுபோல அந்த அளவுக்கு வாய்த்தவை அண்ணனின் கால்கள். போட்டு நடந்து, எங்கே கடிக்கிறது, எங்கே தளர்கிறது என்று சொல்வதே அவன் வேலை.

போன வருடம் பழைய கூடைப்பந்து ஷூ ஒன்றை மறுபடி செய்யச் சொல்லி ஆர்டர் வந்தது. வெள்ளைத் தோல், பக்கவாட்டில் சிவப்புப் பட்டை, விரல்களுக்கு மேலே பொடிப்பொடியாகக் காற்றுத் துளைகள், தட்டையான ரப்பர் அடி. கணுக்காலைச் சுற்றிப் பஞ்சு வைத்த உயரமான கழுத்து. அது பிடிக்க வேண்டும், நெரிக்கக் கூடாது.

"பாக்க மாப்பிள்ளை மாதிரி இருக்கு. குதிகால்ல மட்டும் மாமியார்," என்றான் அண்ணன். பேட்டர்ன் வெட்டும் அக்கா சிரித்துக்கொண்டே மாற்றி வெட்டினாள்.

உண்மையில் குதிகால் அவனுக்கு வலிக்கவேயில்லை. தோல் மடிந்த விதத்தைப் பார்த்துச் சொன்னான். சர்க்கரை நோயில் பாதங்கள் மரத்துப்போயிருந்தன. அது வீட்டில் எங்களுக்கு மட்டும்தான் தெரியும்.

"மேனேஜர்கிட்ட சொல்லிடுங்களேன்," என்றாள் அண்ணி.

"சொன்னா? சம்பளம் காலுக்குத்தான். காலுக்கு மேல இருக்கறவனுக்கு அங்க என்ன வேலை?"

கடைசி ஜோடி அவசரத்தில் வந்தது. உள் அட்டை நகராமலிருக்க, கால் வடிவக் கட்டையோடு சேர்த்துச் சின்ன ஆணிகள் அடிப்பார்கள். பிறகு பிடுங்கிவிட வேண்டும். ஒன்று தங்கிவிட்டது. அண்ணன் காலை முழுதும் நடந்தான், படி ஏறினான், குதித்தும் பார்த்தான்.

"எப்படிப்பா?" என்றார் மேனேஜர்.

"மெத்தைல நடக்கற மாதிரி இருக்கு சார். இதுக்கு மேல கை வைக்காதீங்க."

கழற்றியபோது காலுறையின் அடி சிவந்து ஊறியிருந்தது. அக்கா ஷூவுக்குள் விரலை விட்டு, "அய்யோ" என்று இழுத்துக்கொண்டாள். மேனேஜர் ஆணியைப் பார்க்கவில்லை. அண்ணனின் முகத்தையே பார்த்தார்.

புண் ஆறவில்லை. முதலில் கட்டைவிரலை எடுத்தார்கள், பிறகு பாதத்தையே எடுத்தார்கள். அதற்குள் வேறு ஆளையும் வைத்துவிட்டார்கள். விஷம் ரத்தத்தில் ஏறி, அவன் போவதற்கு முந்தைய நாள், ஆஸ்பத்திரிக்கு அக்கா வந்தாள்.

"புது ஆளு கால் எப்படிக்கா?"

"எட்டுதான் தம்பி. கொஞ்சம் அகலம்."

"போச்சு. வாங்கறவனுக்கெல்லாம் தொளதொளன்னு இருக்கும்." சிரிக்கப் பார்த்தான். "கடிச்சா சொல்றானா?"

"ஏன் கேக்கற? லேசா உரசினாலே ஊரைக் கூட்டறான்."

"கூட்டட்டும்க்கா," என்றான் அண்ணன். "திட்டாதீங்க அவனை."