ஏலக்காரர் பங்கு பிரித்த கதை

பங்குத் தரகர் அலுவலகத்தில் அவரை எல்லோரும் ஏலக்காரர் என்றுதான் கூப்பிடுவார்கள். மனிதர் ஜென்மத்தில் எதையும் ஏலம் விட்டதில்லை. "உங்க பங்கு ஏலத்துக்குப் போயிடுச்சுங்க" என்று வாடிக்கையாளருக்குப் போன் போட்டுச் சொல்வதுதான் அவர் உத்தியோகம்.

இன்றைக்குப் பங்கை விற்றவர் நாளைக்குள் அதைக் கொடுத்தாக வேண்டும். கொடுக்கவில்லையா, சந்தையே அதை ஏலத்தில் கண்ட விலைக்கு வாங்கி, வாங்கியவரிடம் சேர்த்துவிட்டு, கூடுதல் செலவை விற்றவர் தலையில் கட்டிவிடும். இதைக் கேட்டு ஆட்கள் போனில் கத்துவார்கள், சிலர் அழுதே விடுவார்கள். ஏலக்காரர் ரிசீவரைக் காதிலிருந்து தள்ளிப் பிடித்துக்கொண்டு சாவகாசமாக டீ குடிப்பார்.

இன்னொரு வேலையும் அவர் கையில் இருந்தது. சில நாள், வாங்கியவர்கள் எல்லோருக்கும் போதுமான பங்கு வந்து சேராது. எங்கோ எவனோ விற்றுவிட்டுக் கையை விரித்திருப்பான். வந்ததை யாருக்குக் கொடுப்பது, யாரைக் காக்க வைப்பது என்று பிரிப்பது அவர்தான். பெரிய கைகளுக்கு முதலில். மிச்சம் மீதி இருந்தால் சில்லறைக் கணக்குகளுக்கு. "சின்னவங்க சத்தம் போட மாட்டாங்க. போட்டாலும் யார் கேக்கப் போறா?" என்பார். திரையில் கணக்கு எண் மட்டும்தான் தெரியும். பெயரைத் தேடிப் பார்க்க அவருக்கு என்ன தலையெழுத்தா!

அவருடைய அக்கா தையல்காரி. அத்தான் இரவுக் காவலுக்குப் போய்விட்டுப் பகலில் தூங்குபவர். மிஷின் சத்தத்தில் அவர் எழுந்து எரிந்து விழுவாரே என்று, மாடிப்படிக்குக் கீழே குனிந்து உட்கார்ந்து தைத்தே அக்காவுக்கு முதுகு போய்விட்டது. தெருமுனையில் ஒரு கடை காலியாகி இருந்தது. வார முடிவுக்குள் முன்பணம் கொடுத்தால் அவளுக்கு. அதற்குக் கொஞ்சம் குறைந்தது. தம்பி சொன்னான் என்றுதான் அவன் அலுவலகத்திலேயே கணக்குத் திறந்து, சேர்த்து வைத்ததைப் பங்கில் போட்டாள்.

மறுநாளே விலை எகிறியது. அக்கா போன் செய்தாள்.

"டேய், வித்துடட்டுமாடா? கடைக்குச் சரியா வந்துடும் போலிருக்கே."

"நேத்து வாங்கினது இன்னும் உன் கணக்குக்கே வரலக்கா."

"அய்யோ, வராமப் போயிட்டா?"

"வராம எங்க போகும்? சாயங்காலம் வந்துரும், நாளைக்குக் கொடுத்தாப் போதும். கண்ணை மூடிட்டு வித்துடு. நான் இங்க எதுக்கு இருக்கேன்?"

விற்றாள். அன்று சாயங்காலம் அதே பங்கு குறைவாக வந்தது. ஏலக்காரர் வழக்கம்போல் பெரியவர்களுக்குப் பிரித்துவிட்டு, கடைசியில் இருந்த எண்களை ஒரே தட்டாகத் தட்டித் தள்ளினார். வீட்டுக்குப் போய் நிம்மதியாகத் தூங்கினார், பாவி மனிதர்.

அடுத்த நாள், கொடுக்கத் தவறியவர்களுக்குப் போன் போட, பெயரோடு வந்த பட்டியலை எடுத்து உட்கார்ந்தபோதுதான் அக்கா பெயரைப் பார்த்தார். ஏலத்தில் விலை தாறுமாறாக ஏறி, அவள் லாபத்தோடு போட்ட முதலிலும் ஒரு பகுதியை விழுங்கியது. அவளுக்கு வரவேண்டிய பங்கு பிறகு ஆடி அசைந்து வந்தது, விலை படுத்த பிறகு. கடையை வேறொருவர் எடுத்துக்கொண்டார்.

"உனக்கு வித்தவன் ஏமாத்திட்டான்கா" என்று மட்டும் சொன்னார். அக்கா நம்பினாள். அவனைச் சும்மா விடக்கூடாது என்று நேரே அலுவலகத்துக்கே வந்துவிட்டாள்.

மேலாளர் நல்லவர், நாற்காலி போட்டுப் பொறுமையாக விளக்கினார். "வித்தவர் யாருன்னு தெரியாதும்மா. பங்கு குறைஞ்சு வந்தா யாருக்கு இல்லைன்னு உங்க தம்பிதான் பிரிப்பார். இத்தனை வருஷமா ஒரு புகார் வந்ததில்லை, தங்கமான ஆளு."

அக்கா திரும்பிப் பார்த்தாள். ஏலக்காரர் டீ டம்ளரைக் கீழே வைத்தார்.

"நம்பரைத்தான் பார்த்தேன்கா. உன்னுதுன்னு தெரியாதுக்கா."

"தெரிஞ்சிருந்தா?"

"உனக்குக் கொடுத்திருப்பேன்."

"அப்போ என்னை மாதிரி வேற எவ தலையிலயாவது போட்டிருப்ப."

அவள் புடவைத் தலைப்பை இழுத்துச் செருகிக்கொண்டு எழுந்தாள்.

"என் கணக்கை மூடணும். எங்க கையெழுத்துப் போடணும்னு சொல்லுங்க, சார்."