பெயர் பிடிக்கிறவள்

"அடுத்தது" என்றாள் அம்மா. நான் அழித்தேன்.

அழிப்பதற்கு முன் ஒவ்வொரு கட்டுரையையும் அவள் உரக்கப் படித்தாக வேண்டும். மூக்குக்கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டு, திரைக்கு ஒரு சாண் தள்ளி முகத்தை வைத்துக்கொண்டாள். "'நரம்பு என்பது உடம்பின் மின்கம்பி. கம்பி துருப்பிடிக்கலாமா?' அடக் கடவுளே, இதை நானா எழுதினேன்? வாயிலயே ரெண்டு போடணும்." சிரித்து முடித்துவிட்டு, "இருந்தாலும் மோசமில்லடி. அடுத்தது" என்றாள்.

நாங்கள் சேர்ந்து செய்த கடைசி வேலை அது. ஒரு புதன்கிழமை பிற்பகல். மறுநாள் காலை அம்மா எழுந்திருக்கவில்லை. இதயம் என்றார் மருத்துவர்.

அம்மாவின் தொழில் என்ன என்று கேட்டவர்களிடம் "பேரு பிடிக்கிறேன்" என்பாள். மீதியை நான் விளக்குவேன். ஒரு சங்கமோ பள்ளியோ தன் இணையதளத்தின் பெயரைப் பணம் கட்டிப் புதுப்பித்துக்கொண்டே இருக்க வேண்டும். மறந்துவிட்டால் அந்தப் பெயரை யாரும் வாங்கலாம். ஆள் மாறியது தேடுபொறிக்குச் சட்டென்று தெரியாது. பல காலம் ஒழுங்காக இருந்த இடம் என்று மதிப்பு வைத்திருக்கும். அங்கே குடியேறி, ஒரு கடையைப் பற்றி எழுதி இணைப்புக் கொடுத்தால், தேடுகிறவர்களின் கண்ணில் அந்தக் கடை முதலில் படும். அம்மா பெயர்களைப் பிடித்தாள், கட்டுரைகளை எழுதினாள், வாடகைக்கு விட்டாள். வாடிக்கையாளர்களுக்கு அவள் அக்கா. சித்தப்பாவுக்குக் காக்கா. "அடுத்தவன் விட்டுட்டுப் போனதைக் கொத்தறதுல அண்ணியை அடிச்சுக்க ஆளில்ல" என்பார். "காக்கா இல்லேன்னா தெருவே நாறும் தம்பி" என்பாள் அம்மா.

ஓய்வு பெறும்வரை அவள் காப்பீட்டு அலுவலகத்தில் இருந்தாள். தவணை கட்ட மறந்தவர்களைத் தொலைபேசியில் அழைத்து நினைவூட்டுகிற நாற்காலி. "மறக்கறவங்க மூணு ரகம். மறதிக்காரன், சோம்பேறி, செத்தவன். செத்தவன் ஒருத்தன்தான் சாக்கு சொல்லமாட்டான்." அந்தப் பயிற்சியில், எந்தச் சங்கம் எப்போது மறக்கும் என்று அவளுக்கு மோப்பம் பிடிக்கத் தெரிந்திருந்தது.

இஸ்திரி போடும்போதுதான் அவளுக்குக் கட்டுரைத் தலைப்பு தோன்றும். நல்ல வியாபாரம் நடந்த மாதங்களில் எங்கள் வீட்டுச் சமையலறைத் துணிகூட மடிப்புக் கலையாமல் இருந்தது.

நான் ஒரு நிறுவனத்தின் சர்வர் கணினிகளைப் பார்த்துக்கொள்கிறேன். எனக்கு இந்தத் தொழில் பிடிக்கவில்லை என்பது அவளுக்குத் தெரியும்.

"அவங்க சம்பாதிச்ச நல்ல பேரும்மா அது."

"வேணாம்னு விட்டுட்டுப் போனதுதானே? காலி வீடு. வாசல்ல ஒரு பலகை மாட்டறேன்."

"உள்ள இன்னும் அவங்கதான் இருக்காங்கன்னு நெனச்சு வருவாங்களே?"

"யாருடி வரா? மெஷின் வருது. மெஷினைத்தானே ஏமாத்தறேன், மனுஷனையா?"

அந்த வாதத்துக்கு அவள் கடைசியாகப் பிடித்த பெயர்தான் பதில் சொன்னது. திக்கிப் பேசுகிறவர்கள் கூடி நடத்திய ஒரு வட்டம். நடத்தியவர் இறந்துபோனார். பெயரைப் புதுப்பிக்க யாருக்கும் தோன்றவில்லை. அம்மா வாங்கி, நரம்பு மாத்திரை விற்கிற ஒருவருக்கு வாடகைக்கு விட்டாள். முகப்பை மட்டும் அவள் தொடவில்லை. பழைய வாசகங்களுக்குத்தான் தேடுபொறியிடம் மதிப்பு. 'சனிக்கிழமை மாலை, நூலகத்தின் சிறிய அறை, யாரும் வரலாம்' என்ற அறிவிப்பு அப்படியே இருந்தது. தொலைபேசி எண் மட்டும் செத்துப்போயிருந்ததால், பக்கம் உயிரோடு தெரியட்டும் என்று தன் எண்ணைப் போட்டாள்.

ஒரு நாள் அந்த எண்ணுக்கு ஒருவர் அழைத்தார். அம்மா இஸ்திரி போட்டுக்கொண்டிருந்தாள். பிறர் ஆரம்பித்த வாக்கியத்தை முடித்துவைப்பது அவள் பழக்கம். மூன்று முறை முடித்துவைத்தாள், மூன்றும் தப்பு.

"பொ... பொறுங்கம்மா. நா... நானே சொல்றேன்."

இஸ்திரிப் பெட்டியை நிமிர்த்தி வைத்தாள். அவர் சொல்லி முடிக்க வெகுநேரம் ஆயிற்று. வெல்டிங் வேலை. பட்டறையில் மேஸ்திரியாக ஆக்கப்போகிறார்கள். இனி தினமும் காலையில் எல்லார் முன்னாலும் நின்று வேலை சொல்ல வேண்டும். அதற்காக இரண்டு சனிக்கிழமை நூலகத்துக்குப் போய்ப் பார்த்தார். இரண்டு தடவையும் அறை பூட்டியிருந்தது.

"வர சனிக்கிழமை போய், கூட்டமெல்லாம் இல்லன்னு சொல்லிட்டு வந்துடறேன்" என்று கிளம்பினாள். இருட்டிய பிறகு திரும்பினாள்.

"சொல்லிட்டியா?"

"எங்க சொல்றது? மூணு பேரு படியில உக்காந்திருக்காங்க. நூலகத்துக்காரம்மா என்னைப் பாத்ததும், 'வாங்க, நீங்கதான் இப்ப நடத்தறீங்களா'ன்னு சாவியைக் கையில குடுத்துட்டாங்க."

அதன்பிறகு எல்லாச் சனிக்கிழமையும் போனாள். நாற்காலிகளை வட்டமாகப் போடுவாள், கடைசி ஆள் பேசி முடிக்கிறவரை வாயைத் திறக்கமாட்டாளாம். என்னால் நம்ப முடியவில்லை. வீட்டில் என் வாக்கியங்களை முடித்துவைப்பது நின்றபாடில்லை. "உன்கிட்ட எதுக்குடி பொறுமை? நீ என்ன சொல்லுவேன்னு எனக்குத் தெரியாதா?"

மேஸ்திரி தன் முதல் காலையைக் கூட்டத்தில் நடித்துக் காட்டினார். வட்டமே எழுந்து நின்று வேலையாட்களாக மாறியது. "என்னை ஒரு மூலையில பெருக்கச் சொல்லிட்டாருடி" என்றாள் பெருமையாக.

டிக்கெட் கொடுக்கும் வேலை செய்கிற பெண் ஒருத்தி அங்கே வந்துகொண்டிருந்தாள். ஒரு சனிக்கிழமை கைப்பையிலிருந்து மாத்திரைப் புட்டியை எடுத்து, "இது திக்குறதுக்கும் கேக்குமா? நம்ம வட்டத்துப் பக்கத்துல போட்டிருந்தது, அதான் வாங்கிட்டேன்" என்று அம்மாவைக் கேட்டிருக்கிறாள்.

அன்று அம்மா வீட்டுக்கு வந்து விளக்கைக்கூடப் போடவில்லை. சோற்றைத் தொடவில்லை. "மெஷினைத்தான்னு சொல்லிட்டே இருந்தேன். அந்த மெஷினைக் கேட்டுத்தான் இந்தப் பொண்ணு மாத்திரை முழுங்குது." முந்தானையிலிருந்து அந்தப் புட்டியை எடுத்து மேசைமேல் வைத்தாள். பிடுங்கிக்கொண்டே வந்திருந்தாள்.

கட்டுரைகளை எடுத்துவிடப் போகிறேன் என்று சொன்னதும் மாத்திரைக்காரர் கெஞ்சினார். "அக்கா, இப்பத்தான் மேல வந்தோம்."

"ஏறினவன் எறங்கித்தான் ஆகணும் தம்பி. நானும் எறங்கிக்கறேன்."

திங்கட்கிழமையிலிருந்து, பெயர் தவறவிருக்கும் சங்கங்களைத் தேடி அழைத்தாள். அலுவலகத்துக் குரல் திரும்பியிருந்தது: "ஐயா வணக்கம், உங்க பேரு தவறப்போகுது, இன்னைக்கே கட்டிடுங்க." ஒருவர் மோசடி என்று திட்டிவிட்டுப் போனை வைத்தார். ஒருவர் கமிஷன் எவ்வளவு என்றார். ஓர் இசைப்பள்ளிக்காரர் மட்டும் அன்றே கட்டிவிட்டு, திரும்ப அழைத்து அழுதாராம். "மறதிக்காரன். நல்ல மனுஷன்" என்றாள்.

புதன்கிழமை கட்டுரைகள் எல்லாம் தீர்ந்தன. வட்டத்தின் பெயரை மேஸ்திரிக்கு மாற்றுகிற பக்கத்தைத் திறந்து கொடுத்தேன். புது உரிமையாளர் என்ற கட்டத்தில் அவர் பெயரை ஒவ்வோர் எழுத்தாகத் தட்டினாள். கீழே பொத்தான். அதன்மேல் விரலை வைத்தாள். பிறகு எடுத்துவிட்டாள்.

"என்னம்மா?"

"அவங்க என்னை யாருன்னு நெனச்சிட்டிருக்காங்க தெரியுமா? செத்துப்போன அந்த மனுஷனோட சொந்தம்னு. நான்தான் உங்க பேரை எடுத்தவ, நான்தான் அந்த மாத்திரையை எழுதினவன்னு மொதல்ல சொல்லணும்டி. சொல்லாம அமுக்கினா, திருடினதைக் கமுக்கமா கொண்டுபோய் வெக்கிற மாதிரி. சனிக்கிழமை சொல்லிட்டு, அங்கயே அவங்க எதிர்ல அமுக்கறேன்."

"துரத்திட்டாங்கன்னா?"

"துரத்தட்டும். அறை அவங்களுதுதானே."

அந்தச் சனிக்கிழமை வீடு நிறைய உறவினர் இருந்தார்கள். மாலையில் அம்மாவின் எண் ஒலித்தது. மேஸ்திரி. அம்மா எங்கே என்று கேட்டு முடிக்கும்வரை பொறுத்திருந்தேன். சொன்னேன். பிறகு, "நீ... நீங்க வாங்கம்மா. அ... அடுத்த வாரம் நாங்க திறந்து வெச்சிருப்போம்" என்றார்.

மாற்றும் பக்கம் இதற்குள் காலாவதியாகியிருந்தது. இன்று காலை மறுபடி உள்ளே போய், அவர் பெயரை அதே கட்டத்தில் நிரப்பி, அம்மா விட்ட இடம்வரை கொண்டுவந்து நிறுத்தினேன். பொத்தானைத் தொடவில்லை. மடிக்கணினியைப் பையில் வைத்துக்கொண்டு செருப்பை மாட்டினேன். சனிக்கிழமை.