பல்வலிக்காரி

அவளுக்கு ஒரு நாளும் பல் வலித்ததில்லை. பல் டாக்டர் வீட்டுப் படியை மிதிக்காத ஜென்மம். தொழிலோ தையல். கத்திரிக்கோல் கைக்கெட்டும் தூரத்தில் கிடந்தாலும் நூலைப் பல்லால்தான் கடித்து அறுப்பாள். அப்படிப்பட்டவளை, மருந்துக்கடையின் பின்னறையில் கூடுகிற அத்தனை பேரும் ஒரு குளிர்காலம் முழுக்க "வாங்க பல்வலி, உட்காருங்க பல்வலி" என்றுதான் கூப்பிட்டார்கள். அவளும் அந்தப் பேருக்குத் திரும்பிப் பார்த்தாள். பேர் வைத்தவர்களைக் குறை சொல்வதற்கில்லை, காரணத்தோடுதான் வைத்தார்கள்.

முதலில் அவள் கதையைச் சொல்லிவிடலாம். கல்யாணமான கையோடு பிரெஞ்சு பேசுகிற ஊருக்குப் போனவள். வீட்டுக்குள் தமிழ், வாசலைத் தாண்டினால் பிரெஞ்சு. இடுப்பளவு, கைமடிப்பு, ஜிப் என்று ஒவ்வொரு சொல்லாகப் பொறுக்கி, கடைசியில் காசு கொடுக்காமல் நழுவப் பார்த்த வாடிக்கையாளரோடு அந்தப் பாஷையிலேயே மல்லுக்கு நிற்கும் அளவுக்குத் தேறிவிட்டாள். சண்டை போட வந்துவிட்டால் பாஷை வந்துவிட்டது என்றுதானே அர்த்தம். அப்புறம் அவள் புருஷன் வேன் ஓட்டுகிற கம்பெனி அவரை ஆங்கிலம் பேசுகிற ஊருக்கு மாற்றியது. பெட்டி படுக்கையோடு வந்து இறங்கியபோது அவள் நாக்கு மறுபடி கைக்குழந்தையின் நாக்காகிவிட்டது.

வேலைக்கு அது இடைஞ்சலாக இல்லை. துணி சலவை செய்து, அளவு மாற்றித் தருகிற கடையில் வேலை. வருகிறவர்கள் உடுப்பைப் போட்டுக்கொண்டு கண்ணாடி முன்னால் நிற்பார்கள், இவள் குண்டூசி குத்துவாள், அவர்கள் தலையாட்டுவார்கள், வேலை முடிந்தது. வினை வேறு பக்கத்திலிருந்து வந்தது. இஸ்திரி நீராவியும் துணிப் பஞ்சும் சேர்ந்து இரண்டு குளிர்காலமாக அவளுக்கு மூச்சிரைப்பு.

டாக்டரிடம் போகும்போதெல்லாம் பேசுவது புருஷன். வேனில் ஏறி இறங்குகிற பயணிகளோடு பேசிப் பேசி அவருக்கு ஆங்கிலம் தண்ணீர் பட்ட பாடு. நர்ஸ் அவளைப் பார்த்து நீளமாக ஏதோ கேட்பாள். அவர் இவள் பக்கம் திரும்பி, "பெருசா ஒண்ணுமில்லல்ல?" என்பார். இவள் பதில் சொல்ல வாயைத் திறப்பதற்குள் அந்தப் பக்கம் திரும்பி, "லிட்டில் காஃப்" என்று முடித்துவிடுவார். கொஞ்சம் இருமலாம். அதற்கு ஒரு சிரப் எழுதிக்கொடுப்பார்கள். சமையலறை ஜன்னலில் சிரப் பாட்டில்கள் வரிசை கட்டி நின்றன.

மனுஷர் கெட்டவர் இல்லை. அவள் கேட்டால் நடுராத்திரியிலும் வெந்நீர் வைத்துத் தருவார். ஆனால் டாக்டர்கள் விஷயத்தில் அவருக்கு ஒரு சித்தாந்தம் இருந்தது. "நிறைய சொன்னா நிறைய கண்டுபிடிப்பாங்க. கம்மியா சொல்லிட்டு சீக்கிரம் வந்துடணும்" என்பார். வலி யாருக்கு, வாய் யாருக்கு, பாருங்கள். "ரொம்ப இரைக்குதுங்க" என்று அவள் வீட்டில் சொன்னதற்கும், "வயசாகுதுல்ல" என்று பதில் தயாராக வைத்திருந்தார். அதற்கப்புறம் அவள் சொல்வதை விட்டுவிட்டாள். குளிர்காலக் கடைசியில் ஒரு புது டாக்டரைப் பார்க்க நாள் குறித்திருந்தது. அதற்குள் எப்பாடு பட்டாவது தன் நோயைத் தன் வாயால் சொல்லப் பழகிவிட வேண்டும் என்று மனதுக்குள் முடிச்சுப் போட்டுக்கொண்டாள்.

வழி காட்டியது தெருமுனை மருந்துக்கடை. கல்லாவில் நின்ற பெண் பிரெஞ்சு பேசி வளர்ந்தவள். அந்தப் பாஷைக்காரர்கள் வந்து இடுப்பைத் தொட்டுக் காட்டுவதும், வயிற்றைப் பிடித்துக் காட்டுவதும் அவளுக்குப் பழகிப்போனதுதான். ஒரு பெரியவர் பேதி மாத்திரைக்காக முழு நாடகமே நடத்திக் காட்டிய அன்றுதான் அவள் பொறுமை போயிற்று. செவ்வாய்க்கிழமை சாயங்காலங்களில், மருந்துப் பெட்டிகள் அடுக்கிய பின்னறையில், நோயும் மருந்தும் சொல்ல மட்டும் ஓர் ஆங்கில வகுப்பு ஆரம்பித்துவிட்டாள்.

வகுப்புக்கு ஒரு விசித்திரமான சட்டம் உண்டு. ஆளுக்கு ஒரு நோய் கொடுப்பாள், ஆனால் அவரவர் நோயை அவரவருக்குக் கொடுக்கமாட்டாள். சொந்த நோயைப் பேச விட்டால் இரண்டாவது வாக்கியத்திலேயே ஆங்கிலம் போய் பிரெஞ்சு வந்துவிடும், மூன்றாவதில் கண்ணீர் வந்துவிடும், பாடம் நின்றுவிடும் என்பது அவள் அனுபவம். அதனால் அடுத்தவர் நோயைத்தான் சுமக்க வேண்டும். எங்கே வலிக்கிறது, எப்போதிலிருந்து, எவ்வளவு, என்ன மருந்து எடுத்தாய் என்று கேட்டால் தடுமாறாமல் சொல்ல வருகிறவரை அந்த நோயின் பேர்தான் உனக்கும் பேர். முதல் நாள் தையல்காரி தன் மூச்சிரைப்பைச் சொன்னாள். பக்கத்தில் இருந்த ரொட்டிக்கடைத் தம்பி, இவளைப் போலவே வீட்டில் தமிழ் பேசுகிறவன், சர்க்கரை தின்று சொத்தையான கடைவாய்ப் பல்லைச் சொன்னான். டீச்சர் இரண்டையும் அப்படியே மாற்றிக் கொடுத்துவிட்டாள்.

"அக்கா, என் பல்ல நல்லா பாத்துக்குங்க" என்றான் அவன்.

"நீ என் மூச்சப் பாத்துக்கோ தம்பி. அது இப்பவே இழுத்துக்கிட்டுதான் இருக்கு."

நோய்ப் பேர்கள் அவளுக்கு வந்த வேகத்தைப் பார்த்து அந்த அறையே வாயைப் பிளந்தது. பிரெஞ்சில் வலியை முதலில் சொல்லி, உறுப்பை அப்புறம் சொல்ல வேண்டும். மற்றவர்கள் அந்தப் பழக்கத்தில் தலைகீழாகச் சொல்லி மாட்டிக்கொண்டார்கள். இவளுக்கு ஹெட்ஏக் என்றதும் தலைவலி, டூத்ஏக் என்றதும் பல்வலி. உறுப்பு முன்னால், வலி பின்னால், அப்படியே தமிழ்தான். எப்படி இவ்வளவு சுலபமாக வருகிறது என்று டீச்சர் கேட்டாள். எங்கள் வீட்டுப் பாஷையில் பிறந்ததிலிருந்தே இப்படித்தான் சொல்கிறோம் என்று இவள் சொன்னாள். அன்று வீடு திரும்பும்போது காலில் ஷூ இருக்கிறதா என்றே அவளுக்குத் தெரியவில்லை. புருஷனிடம்கூடச் சொல்லாமல் அந்தப் பெருமையைத் தனியாகவே தின்றாள்.

டாக்டர் நாளுக்கு முந்தின செவ்வாய்க்கிழமை ரொட்டிக்கடைத் தம்பியின் முறை வந்தது. டீச்சர் மருந்துக்காரி, அவன் நோயாளி. அவன் நெஞ்சில் கையை வைத்துக்கொண்டு, நாய் துரத்தி வந்தவன் போல மேல்மூச்சு கீழ்மூச்சு வாங்கிக் காட்டினான். அறை சிரித்தது. ராத்திரியில் எப்படி என்று டீச்சர் கேட்டாள். "நோ பிராப்ளம்" என்றான். வேறு என்ன செய்கிறது என்றாள். "லிட்டில் காஃப்" என்றான்.

எந்த வாய் சொன்னாலும் அதே இரண்டு வார்த்தை. தையல்காரி எழுந்துவிட்டாள். ஆங்கிலமும் வரவில்லை, பிரெஞ்சும் வரவில்லை.

"அது இல்ல தம்பி" என்றாள் தமிழில்.

"பின்ன எப்படிக்கா?"

"மூச்சு உள்ள போயிடும், வெளிய விடறதுதான் பாடு. படுத்தா நெஞ்சு மேல யாரோ ஏறி உக்காந்துடறாங்க. ரெண்டு தலகாணிய சாச்சு வெச்சு உக்காந்துதான் தூங்கறேன். மாடிப்படி ஏறும்போது பாதியில நின்னுடுவேன். யாராவது பாத்தா அசிங்கமா இருக்கேன்னு ஷூ கயிறு கட்டற மாதிரி குனிஞ்சுக்குவேன். மூச்சு வந்ததும் எழுந்து ஏறுவேன்."

அவன் முகத்தில் சிரிப்பு வடிந்துபோயிற்று. "மாமாவுக்குத் தெரியுமா?"

"தலைவலியும் காய்ச்சலும் தனக்கு வந்தாத்தான் தெரியும்."

டீச்சருக்கு ஒரு வார்த்தையும் புரியவில்லை, முகம் மட்டும் புரிந்தது. ஆனாலும் சட்டத்தை விட்டுக்கொடுக்கவில்லை. அக்கா பிரெஞ்சில் சொல்லட்டும், நான் ஆங்கிலமாக்குகிறேன், நோயாளி நீதான், நீதான் சொல்ல வேண்டும் என்று அந்தத் தம்பியைப் பிடித்துக்கொண்டாள். கடையை மூடுகிற நேரம்வரை அவன் வாக்கியம் வாக்கியமாகச் சொல்லித் திணறினான். பக்கத்து நாற்காலியில் தையல்காரியின் உதடுகள் சத்தமில்லாமல் கூடவே அசைந்தன.

டாக்டர் நாள் வந்தது. புருஷன் லீவு போட்டுவிட்டு, இஸ்திரி மடிப்புச் சட்டையோடு வந்திருந்தார். புது டாக்டர் இளம்பெண். நாற்காலியை இவள் பக்கம் திருப்பிப் போட்டுக்கொண்டு, என்ன தொந்தரவு என்று கேட்டாள். புருஷன் தொண்டையைச் செருமினார். தையல்காரி அவர் முழங்காலில் கையை வைத்து அழுத்தினாள். தானே வாயைத் திறந்தாள்.

ஆங்கிலம் மடை திறந்த மாதிரி வந்தது. எனக்குப் பல்வலி, மேல்வரிசையில் இடது பக்கம், ஞாயிற்றுக்கிழமையிலிருந்து, குளிர்ந்த தண்ணீர் பட்டால் கூசுகிறது, இரண்டு மாத்திரை போட்டேன்.

குளிர்காலம் முழுக்கச் சுமந்த நோய். கேள்வி வந்ததும் நாக்கு தன் பாட்டுக்கு அதை எடுத்துக் கொடுத்துவிட்டது. டாக்டர் சின்ன டார்ச்சை எடுத்துக்கொண்டு குனிந்தாள்.

"பல்லா? உனக்கா?" என்றார் புருஷன்.

அவளுக்கு முகம் சிவந்து, சிரிப்பு பீறிட்டது. சிரிப்பு பாதியிலேயே இரைப்பாக மாறி நெஞ்சைப் பிடித்தது. இதுதான் சமயம் என்று அவர் டாக்டர் பக்கம் சாய்ந்தார். "லிட்டில் காஃப், டாக்டர்."

"இல்லங்க" என்றாள் அவள், மூச்சு வாங்கிக்கொண்டே. "இருங்க. நான் சொல்றேன்."

டாக்டரைப் பார்த்துக் கையை உயர்த்தி, பொறுங்கள் என்று காட்டினாள். மூச்சு ஒரு நிலைக்கு வரட்டும் என்று காத்தாள். டாக்டரும் காத்தாள். பிறகு மெதுவாக ஆரம்பித்தாள். பல் இல்லை, மூச்சு. உள்ளே போகிறது, வெளியே வரவில்லை. ராத்திரி படுக்க முடியவில்லை, உட்கார்ந்து தூங்குகிறேன். படியில் பாதியில் நிற்கிறேன். ஷூ கயிறு கட்டுவது போல நடிக்கிறேன். சிரப் நிறையக் குடித்துவிட்டேன், கேட்கவில்லை. இலக்கணம் நொண்டியடித்தது, அவள் நிற்கவில்லை. அதற்குமேல் டாக்டர் அவரிடம் ஒரு கேள்வியும் கேட்கவில்லை. முதுகில் ஸ்டெதஸ்கோப் வைத்துக் கேட்டாள், ஒரு குழாயில் ஊதச் சொன்னாள், இது இருமல் இல்லை, ஆஸ்துமா என்றாள். இன்ஹேலரை எப்படி இழுப்பது என்று அவள் கையில் கொடுத்தே காட்டினாள். சபாஷ் என்று சொல்ல அங்கே யாரும் இல்லை, நாம்தான் சொல்ல வேண்டும்.

வெளியே வந்து வேனில் உட்கார்ந்தும் அவர் சாவியைத் திருகவில்லை.

"உக்காந்துதான் தூங்கறியா?"

"ஆமா."

"நான் பக்கத்துலயேதான படுத்திருக்கேன்."

"நீங்க படுத்ததும் தூங்கிடறீங்க."

"எங்கிட்ட ஏன் சொல்லல? தமிழ்லயே சொல்லியிருக்கலாமே."

"சொன்னேங்க. வயசாகுதுன்னீங்க. அந்த மருந்துக்கடைப் பொண்ணு நைட்ல எப்படி இருக்குன்னு கேட்டா. நீங்க கேக்கல."

அவர் சாவியைத் திருகினார். வழியெல்லாம் ஸ்டியரிங்கை இறுகப் பிடித்துக்கொண்டே வந்தார்.

வீடு இருக்கும் மாடிக்கு ஏறும்போது, வழக்கமான இடத்தில் அவளுக்கு மூச்சு நின்று வாங்கியது. பழக்கதோஷத்தில் குனியப் போனாள். அதற்குள் அவர் குனிந்துவிட்டார். தன் ஷூ கயிற்றை அவிழ்த்தார். அவசரமே இல்லாமல் மறுபடி கட்டினார். கட்டியதை இன்னொரு தடவை அவிழ்த்தார்.

மேலிருந்து இறங்கி வந்த பக்கத்து வீட்டுக்காரர் நின்று, உங்கள் மனைவிக்கு என்ன, உடம்பு சரியில்லையா என்று ஆங்கிலத்தில் அவரைத்தான் கேட்டார். அவர் வாயைத் திறந்தார், மூடினார். நிமிர்ந்து நின்று, அவருக்குத் தெரிந்த அதே ஆங்கிலத்தில், "அவங்களையே கேளுங்க, அவங்க நல்லா சொல்லுவாங்க" என்றார். பள்ளிக்கூடத்தில் பரிசு வாங்கிய பிள்ளையைக் கூட்டி வந்தவர் போல இருந்தது அந்த முகம்.

அவள் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு மூச்சு வரும்வரை நின்றாள். இந்த முறை குனியவில்லை. மூச்சு வந்ததும் அவளே சொன்னாள், பல்லில் ஆரம்பிக்காமல்.