நான் தூங்கியபோது நடந்தது

என் உடம்பில் வேலை செய்யும் சிறுநீரகம் என் மனைவி கொடுத்தது. அவள் இப்போது என்னோடு இல்லை. மாற்று ஆபரேஷன் முடிந்த நான்காவது வருடம், "உங்களைப் பாத்துக்கிறது மட்டுமே என் வாழ்க்கையாப் போச்சு" என்று சொல்லிவிட்டு, கரையான்சாவடியில் அவள் அக்கா வீட்டு மாடிக்குக் குடிபோனாள். சண்டை எதுவும் இல்லை. அவள் சொன்னது உண்மை என்பதால் நானும் தடுக்கவில்லை. மேனாம்பேட்டு ஃபிளாட்டில் தனியாக இருக்கப் பழகினேன்.

போன வருடம் பித்தப்பையில் கல், ஆபரேஷன் செய்துதான் எடுக்க வேண்டும் என்றார்கள். வலி வந்தால் நிமிர முடியாது. கடையில் கிடைக்கும் வலி மாத்திரைகள் பலவும் சிறுநீரகத்துக்கு ஆகாது என்பதால் பல்லைக் கடித்துக்கொண்டு கிடப்பேன். பக்கத்து நர்சிங் ஹோமில், மாற்றுச் சிறுநீரகம் என்றதுமே பெரிய ஆஸ்பத்திரிக்குப் போகச் சொல்லிவிட்டார்கள்.

அங்கே மயக்க மருந்து டாக்டர் ஒரு பெண்மணி. அவசரப்படாமல் ஒவ்வொன்றாக விசாரித்தார். டயாலிசிஸுக்காக ரத்தக்குழாயை இணைத்திருந்த இடது கையைத் தொட்டுப் பார்த்து, இதில் ஊசியும் போடக்கூடாது, பிரஷர் பட்டையும் கட்டக்கூடாது என்று தாளில் பெரிதாக எழுதினார். ஆபரேஷன் அன்று வெறும் வயிறாக இருந்தாலும், உறுப்பை உடம்பு தள்ளாமலிருக்கப் போடும் மாத்திரையை மட்டும் ஒரு வாய்த் தண்ணீரில் விழுங்கிவிடச் சொன்னார். கடைசியாக, முந்தைய ஆபரேஷனின் மயக்கக் குறிப்பைக் கேட்டார்.

"அப்ப ஒண்ணும் ஆகலையே டாக்டர், நல்லாத்தான் எழுந்தேன்."

"அது உங்களுக்குத் தெரிஞ்சது. நீங்க தூங்கினப்ப நடந்தது பேப்பர்லதான் இருக்கும்."

அந்தக் காகிதங்கள் என் மனைவியிடம் இருந்தன. பதினான்கு மாதமாகப் பேசாத எண்ணுக்கு அழைத்து விஷயத்தைச் சொன்னேன். பின்னால் குக்கர் விசில் அடித்தது.

"மாத்திரை விடாம போடுறீங்கல்ல?" என்றாள்.

போடுகிறேன் என்றேன். பத்து நிமிடத்தில் பக்கம் பக்கமாகப் படங்கள் வந்தன. அவற்றில் ஒன்றில், தொண்டைக்குள் மூச்சுக்கான குழாய் மூன்றாவது முயற்சியில்தான் போனது, அடுத்த முறை கேமரா கருவி தயாராக இருக்கட்டும் என்று எழுதியிருந்தது. டாக்டர் அதை இரண்டு முறை படித்துவிட்டு, கேட்டது நல்லதாயிற்று என்றார். இத்தனை வருடமாக எனக்கே தெரியாத சங்கதி. அன்று அடுத்த அறையில் அவளும் மயக்கத்தில்தான் கிடந்திருப்பாள்.

ஆபரேஷன் அன்று ஆபீஸ் நண்பர் கையெழுத்துப் போட்டுவிட்டு ஷிஃப்டுக்குக் கிளம்பினார். ஸ்ட்ரெச்சரைத் தள்ளிய ஆயாம்மா, "கூட யாரும் வர்லியா சார்? பரவால்ல, நான் கீறேன்" என்றார். உள்ளே மேசைமேல் கேமரா கருவி தயாராக இருந்ததைப் பார்த்தேன்.

கண் விழித்தபோது தெரிந்த முகம் ஒன்றுமில்லை. டாக்டர் வந்து, குழாய் முதல் முயற்சியிலேயே போய்விட்டது என்றார். கட்டிலோரம் தொங்கிய சிறுநீர் சேரும் பையைக் காட்டி, "உங்க கிட்னி நல்லா வேலை செய்யுது" என்றார். 'உங்க' என்ற சொல் உறுத்தியது.

மறுநாள் ரத்தப் பரிசோதனையும் பழைய அளவிலேயே வந்தது. கிட்னிக்கு ஒன்றும் ஆகவில்லை என்று அவளுக்குச் செய்தி அனுப்பினேன். உடனே பார்த்துவிட்டாள். பதில் மாலையில்தான் வந்தது: "சரி. உடம்பைப் பாத்துக்கங்க."

மூன்றாம் நாள் ஆட்டோவில் திரும்பினேன். வயிற்றைப் பிடித்துக்கொண்டு, ஒவ்வொரு மாடித் திருப்பத்திலும் நின்று நின்று ஏறினேன். பூட்டியே கிடந்த வீட்டில் வெக்கை அடித்தது. ஜன்னல்களைத் திறந்துவிட்டு, ஒரு கை அரிசி எடுத்துக் கஞ்சிக்குக் கழுவினேன்.