காகம் தொடாத கிழங்கு

யோகராணிக்கு ஒரு சாமானும் பிடிக்காது. அவவைக் குறை சொல்லிறதுக்கு இதைச் சொல்லேல்லை. ஊரை விட்டு வந்த எங்கடை சனம் இருக்கிற மல்வேர்னிலை ஆரைக் கேட்டாலும் இதைத்தான் சொல்லுவினம். ஸ்ரௌவ்வில்லிலை வீடு வாங்கின சொந்தக்காரர் குடிபூரலுக்குக் கூப்பிட்டால், "காட்டுக்கை போய் இருந்துகொண்டு எங்களையும் ஏன் இழுக்கினம்?" எண்டு கேப்பா. ஒஷாவாவிலை இருந்து மச்சாள் கேக் செய்துகொண்டு வந்தால், ஒரு துண்டை வாயிலை வைச்சுப்போட்டு, "இதுக்குச் சீனியும் போடுறவையோ?" எண்டுவா. ஆஸ்பத்திரி லோன்றியிலை துணி மடிக்கிற வேலை. கூட நிக்கிறவை மடிச்சு வைச்சதை விரிச்சுத் திருப்பி மடிச்சுப்போட்டுத்தான் வீட்டை வருவா. புருசன் மகேஸ்வரன் இருந்த காலத்திலை, "காணுமப்பா, விடு" எண்டு சொல்ல ஒரு ஆளாவது இருந்தது. மாரடைப்பிலை அந்த மனுசன் போன பிறகு அதுவும் இல்லாமல் போச்சுது.

வீட்டிலை மிஞ்சினது தம்பி சச்சிதானந்தன். நாற்பதை எட்டிப் பிடிக்கிற ஆம்பிளை. டான்ஃபோர்த்திலை ஐரிஷ்காரர் குடிக்கப் போற கடையொண்டிலை குசினி வேலை. நல்லவன்தான், ஆனால் வாயைத் திறந்து ஒரு வசனம் முழுசாய்ச் சொல்லமாட்டான். ரண்டு பேருக்குமாய் அக்காவே கதைச்சுக்கொண்டிருந்ததாலை அவனுக்குத் தேவையும் வரேல்லை.

இந்த வாயில்லாப்பூச்சி ஒரு பொம்பிளையை விரும்பிப்போட்டுது. அன்ரனெற் எண்டு பேர், முதியோர் இல்லத்திலை வேலை, வேலைக்குப் போற பஸ்ஸிலை கண்டு பழக்கம். யாழ்ப்பாணத்துப் பிள்ளைதான், ஆனால் சேர்ச்சுக்குப் போற வேதக்காரி. ஐப்பசி மாசம் ஒருநாள் சச்சி அக்காவுக்கு முன்னாலை வந்து நிண்டான்.

"அக்கா, அந்த மோதிரத்தைத் தாறியே?"

எந்த மோதிரம் எண்டு யோகராணி கேக்கேல்லை. அவவின்ரை கலியாணத்திலை மாப்பிள்ளைக்குக் கால் கழுவிவிட்டது இவன்தான். அப்ப பள்ளிக்கூடப் பெடியன். கழுவின கையிலை மகேஸ்வரன் போட்டுவிட்ட மோதிரம் அது. கொழும்பு, சிங்கப்பூர் எல்லாம் சுத்தி, இவ்வளவு காலமும் அவவின்ரை அலுமாரியிலைதான் கிடந்தது.

"என்ரை மனுசன் போட்ட மோதிரம் வேதக்காரியின்ரை விரலுக்கோ?" எண்டா. அவன் நிக்கிற நிலையைப் பாக்க ஏலாமல் எடுத்துக் கட்டிலிலை எறிஞ்சா. "அவளிட்டைக் கேட்டுப்போட்டியோ?"

"இன்னும் இல்லை."

"பின்னை எப்ப கேக்கப் போறாய், பல்லு விழுந்தாப் பிறகோ?"

அப்பத்தான் அவன் திட்டத்தைச் சொன்னான். கடை முதலாளியின்ரை ஊர்ப் பழக்கமாம். ஹலோவீனுக்குக் கிழங்கை மசிச்சு, கீரை போட்டு, கொல்கனன் எண்டு ஒரு சாப்பாடு செய்வினமாம். அதுக்குள்ளை ஒரு மோதிரத்தை ஒளிச்சு வைப்பினமாம். ஆற்றை கரண்டியிலை அது வருதோ, அவைக்குக் கலியாணம் சரியாம். மோதிரம் அன்ரனெற்றின்ரை கோப்பையிலை வந்தால் தான் வாயே திறக்கத் தேவையில்லை.

"கலியாணம் கேக்கிறதையும் கிழங்கிட்டைக் குடுத்துப்போட்டியோ? நீயும் ஒரு ஆம்பிளை" எண்டா யோகராணி.

அந்த வருசம், தொண்ணூற்றெட்டு, ஹலோவீன் சனிக்கிழமையிலை வந்தது. யோகராணிக்குச் சனி விரதம். காலமையே சச்சி குசினியைப் பிடிச்சிட்டான். நீ ஒண்டும் சமைக்காதை, சோறும் வேண்டாம், எல்லாம் நான் பாக்கிறன் எண்டு சொல்லிப்போட்டான். அக்காவின்ரை விரதத்துக்காகப் புதுப் பானை வாங்கிவந்திருந்தான். மீன், இறைச்சி, மச்சம் ஒண்டும் படாத பானை எண்டு ரண்டு தரம் சொன்னான்.

அவ கதிரையைப் போட்டுக் குசினி வாசலிலை இருந்தா. அவன் கிழங்கை அவிச்சு, தண்ணியை வடிச்சு, திரும்ப அடுப்பிலை வைச்சு ஈரத்தைக் காய விட்டான். கேல் எண்ட சுருட்டைக் கீரையை அரிஞ்சு அவிச்சுப் பிழிஞ்சான். வெங்காயத்தாளைப் பாலிலை போட்டுச் சூடாக்கினான். பிறகு கை நோக நோகக் கிழங்கை மசிச்சு, பாலை விட்டு, கீரையைப் போட்டுக் கிளறினான்.

"மிளகாய்?"

"இல்லை அக்கா."

"மஞ்சள், கடுகு, ஒண்டும்?"

"உப்பும் மிளகுதூளும்."

"வருத்தக்காரருக்குக் குடுக்கிற சாமான். உதைத் திண்டுபோட்டோ வெள்ளைக்காரன் எங்களை ஆண்டவன்?"

சச்சி கிழங்கின்ரை நடுவிலை அகப்பையாலை ஒரு குழி செய்து, பெரிய கட்டி பட்டர் வைச்சான். அது மெல்ல உருகிக் குளமாய் நிண்டது. மூடியைப் போட்டான்.

"ஒண்டையும் தொடாதை அக்கா. பஸ் ஸ்ரொப்பிலை போய்க் கூட்டிக்கொண்டு வாறன்."

அவன் போன உடனை யோகராணிக்குக் காகத்தின்ரை ஞாபகம் வந்தது. காகம் தொட்ட பிறகுதான் அவ வாயிலை எதையும் வைக்கலாம். வைக்கிறதுக்குச் சோறு இல்லை. தொடாதை எண்டவன் காகத்துக்கு வைக்காதை எண்டு சொல்லேல்லையே. மற்றவை கை வைக்க முதல் எடுக்கவேணும், அதோடை நெய்யும் வேணும். நெய்க்குப் பட்டர் காணும். உருகின பட்டரோடை நடுவிலை ஒரு பெரிய அகப்பை அள்ளி, சனிக்குச் சனி காகத்துக்கு வைக்கிற பேப்பர்க் கோப்பையிலை போட்டா. குழி தெரியாமல் தடவி விட்டுப்போட்டு, பல்கனியிலை கொண்டுபோய் வைச்சு, "கா… கா…" எண்டு கூப்பிட்டா.

ஏழாம் மாடிக்கு ஒரு காகம் வந்தது. கம்பியிலை இருந்து கிழங்கை ஒரு கண்ணாலை பாத்தது, மற்றக் கண்ணாலையும் பாத்தது, பறந்திட்டுது.

"அதுக்குத் தெரியுது" எண்டா யோகராணி. பசியிலும் அவவுக்கு அது பெரிய திருப்தி.

அன்ரனெற் வந்தாள். கட்டைத் தலைமயிர், கழுத்திலை சின்னச் சிலுவை. யோகராணி எதிர்பாத்த மினுக்கு ஒண்டும் இல்லை, அதுவும் அவவுக்குப் பிடிக்கேல்லை. சச்சி நடுக் கிழங்கை அள்ளி அவளுக்கு வைச்சான், பிறகு தனக்கு வைச்சான்.

"அக்கா, நீங்கள் சாப்பிடேல்லையோ?" எண்டாள் அன்ரனெற்.

"விரதம். காகம் தொட்டாப் பிறகுதான் எனக்கு."

சச்சிக்கு அது காதிலை விழேல்லை. அவன்ரை கண் அவளின்ரை கரண்டியிலையே நிண்டது. அவள் ஆறுதலாய், ருசிச்சுத்தான் சாப்பிட்டாள். கோப்பை வெறுமையாச்சுது. இன்னும் கொஞ்சம் வைச்சான். அதுவும் முடிஞ்சுது. அவன் தன்ரை கோப்பையைக் கிளறினான். பிறகு எழும்பிப் போய்ப் பானையைச் சுரண்டத் தொடங்கினான்.

அப்பத்தான் யோகராணிக்கு விளங்கினது. சாப்பாடு போடேக்கைதான் மோதிரத்தை ஒளிப்பான் எண்டு அவ நினைச்சிருந்தா. அவன் பட்டர்க் குழிக்குக் கீழை முதலே தாட்டுப்போட்டான்.

காகத்தைப் பாத்துக்கொண்டு வாறன் எண்டு பல்கனிக்குப் போனா. கிழங்கு வைச்சபடி இருந்தது. விரலாலை விலத்தினா, எண்ணெய்ப் பேப்பர்த் துண்டு, அதுக்குள்ளை மகேஸ்வரன்ரை மோதிரம். கீழை கார்கள் நிக்கிற இடம். கோப்பையைக் கொஞ்சம் சரிச்சால் காணும். ஒருத்தருக்கும் தெரியாது. காகம் கொண்டு போட்டுது எண்டு அழலாம். சச்சி திரும்ப வாய் திறக்கப் பத்து வருசம் எடுப்பான், வேதக்காரி அதுவரைக்கும் நிக்கமாட்டாள், அவன் இந்த வீட்டிலையே இருப்பான். அவன் போனால் ஆரைப் பாத்து நக்கலடிக்கிறது, ஆருக்குச் சமைச்சுப்போட்டுக் குறை சொல்லிறது? தனிய இருக்கப் பயம் எண்டு அவவுக்கு முதல் தரம் நேரை விளங்கினது.

கண்ணாடிக் கதவுக்குள்ளாலை பாத்தா. அவன் இன்னும் பானையைச் சுரண்டிக்கொண்டு நிண்டான். அன்ரனெற் கைப்பையைத் தோளிலை போட்டுக்கொண்டு, "எனக்கு வேலைக்கு நேரமாகுது" எண்டாள். அவன் அதுக்கும் அகப்பையை விடேல்லை. விசரன். கேள் எண்டு கத்தவேணும் போலை இருந்தது யோகராணிக்கு. அவவுக்கு நக்கல் வரும், களவு வராது. கோப்பையைத் தூக்கிக்கொண்டு உள்ளை வந்து அன்ரனெற்றுக்கு முன்னாலை வைச்சா.

"இது உமக்குத்தான். சாப்பிட்டுப்போட்டுப் போம்."

சச்சி திரும்பிப் பாத்தான். பேப்பர்க் கோப்பையைக் கண்டான். சனிக்கிழமையிலை அந்தக் கோப்பை எதுக்கெண்டு அவனுக்குத் தெரியும். அகப்பையைப் பானைக்குள்ளை விட்டுப்போட்டு வந்தான்.

"அக்கா, நீ என்னை என்ன சொன்னாலும் நான் கேட்டுக்கொண்டிருந்தனான். காகத்துக்கு வைச்சதைக் கொண்டுவந்தோ இவவுக்கு வைக்கிறாய்? நான் இவவைத்தான் கட்டப்போறன். உனக்குப் பிடிச்சாலும் கட்டுவன், பிடிக்காட்டாலும் கட்டுவன். உன்ரை நக்கலை இண்டையோடை நிப்பாட்டு."

அவ்வளவு நீளத்துக்கு அவன் கதைச்சு அந்த வீடு கேட்டதில்லை.

அன்ரனெற் கைப்பையை இறக்கி வைச்சாள். "உதை என்னட்டையல்லோ முதல் சொல்லியிருக்கவேணும்" எண்டாள். பிறகு கரண்டியை எடுத்தாள். கிழங்குக்குள்ளை இருந்து பேப்பர் வந்தது, பேப்பருக்குள்ளை இருந்து மோதிரம் வந்தது.

சச்சி மோதிரத்தைப் பாத்தான், அக்காவைப் பாத்தான். முகத்திலை ரத்தம் இல்லை. பிழையாய் நினைச்சிட்டன் எண்டு ஒரு சொல் வருமோ எண்டு யோகராணி அவன்ரை வாயைப் பாத்துக்கொண்டு நிண்டா, வரேல்லை. தூக்கி வளத்த தம்பி, அக்கா வந்தவளை இப்பிடியும் அவமானப்படுத்துவா எண்டு ஒரு நிமிசம்கூட யோசிக்காமல் நம்பிப்போட்டான். அவன் நம்பாமல் என்ன செய்வான்? இவ்வளவு காலமும் அவனுக்கு வேறை என்னத்தைக் காட்டினா? சேலைத் தலைப்பாலை மேசையைத் துடைக்கத் தொடங்கினா.

"காலமை தொடக்கம் நீங்கள் ஒண்டும் சாப்பிடேல்லை அக்கா. அரிசி எங்கை இருக்கு?" எண்டு கேட்டாள் அன்ரனெற். "வேலைக்குப் பிந்தினால் பிந்தட்டும்."

அவள்தான் சோறு காய்ச்சினாள். அவள்தான் பல்கனியிலை கொண்டுபோய் வைச்சு, மோதிரம் போட்ட கையைத் தட்டிக் காகத்தைக் கூப்பிட்டாள். பழைய காகமே வந்தது, வந்து திண்டது.

யோகராணி சாப்பிட இருந்தா. ஒரு வாய் வைச்சா.

"சோறு குழைஞ்சு போச்சு" எண்டா.

சச்சி தலையை நிமித்தினான். அவ அவனைப் பாக்கேல்லை. கோப்பையை அன்ரனெற்றிட்டை நீட்டினா.

"உந்தக் கிழங்கிலையும் கொஞ்சம் போடும்."