இடது கண்ணாடியில் ஒரு பூ

போன கிழமை தம்புள்ளை மார்க்கெட்டுக்கு வெளியே ஒரு மரக்கறி லொறி உரசிப் போனதில் எங்கள் பழைய காரின் இடது பக்கக் கண்ணாடி நொறுங்கியது. அப்பா இறந்த பிறகு கார் என் கையில்தான். கெம்பஸ் முடித்தவள், வேலைக்குப் போகிறவள், ஒரு கண்ணாடி மாற்றத் தெரியாதா என்ற திமிரோடு உக்குவளையில் பழைய கார் சாமான் விற்கும் முஸ்லிம் நானா ஒருவரிடம் போனேன்.

அவர் கழற்றிப் பார்த்துவிட்டுச் சிரித்தார். "இது கார் கண்ணாடியே இல்ல தங்கச்சி. அலமாரிக் கண்ணாடிய வெட்டி ஒட்டியிருக்கு. பூ கூட இருக்கே."

பூ இருப்பது எனக்குத் தெரியும். மூலையில் ஐந்து இதழோடு, கண்ணாடியிலேயே செதுக்கிய பூ. அது கம்பனிக்காரன் போட்டது என்றல்லவா இத்தனை வருடம் நினைத்திருந்தேன். வலது பக்கத்தில் ஏன் பூ இல்லை என்று கெம்பஸில் ஒருத்தி கேட்டபோது, "டிரைவர் பக்கம் சீரியஸ், இந்தப் பக்கம் ஃபேஷன்" என்று விளக்கம் வேறு கொடுத்தேன். இப்போது நினைத்தால் காது சூடாகிறது.

நானா விடவில்லை. "கார்க் கண்ணாடி லேசா உப்பலா இருக்கும், ரோட்டு அகலமாத் தெரியும். இது தட்டை. பக்கத்துல சைக்கிள் வந்தாலும் தெரியாது. ஒங்க அப்பா எப்படி ஓட்டினாரு?"

என்னை வைத்துத்தான் ஓட்டினார்.

மாத்தளைக் கச்சேரியில் அரசாங்கக் கிளார்க்காக இருந்த மனுஷன், திரும்புவதற்கு முன்னால் "இடப்பக்கம் எப்படி?" என்று கேட்பார். முன் சீட்டில் முழங்கால் போட்டு நின்று வெளியே எட்டிப் பார்த்து, பஸ் கண்டக்டர் மாதிரி "ஹரி, ஹரி" என்பேன். சிங்களத்தில் சரி, போகலாம் என்று அர்த்தம். பஸ்ஸில் தட்டுவது போலக் கதவிலும் இரண்டு தட்டு. அது விளையாட்டு என்றுதான் நினைத்திருந்தேன்.

எனக்கு ஒன்பது வயதில் ஒருநாள் நாலந்தாவில் தம்பிலி இளநீர் குடிக்கத் திரும்பினார். நான் தோடம்பழம் உரித்துக்கொண்டிருந்தேன். பார்க்காமலே "ஹரி" என்றேன். ஒரு சைக்கிள் உருண்டது. ஓட்டி வந்தவரின் முழங்கையில் ரத்தம், ரோடெல்லாம் கத்தரிக்காய். அப்பா இறங்கி ஓடி, அவரைத் தூக்கி உட்கார வைத்து, சிங்களத்தில் திரும்பத் திரும்ப ஒன்றையே சொன்னார்: பிழை என்னுடையது, நான்தான் பார்க்கவில்லை.

எனக்காகப் பொய் சொல்கிறார் என்று நினைத்தேன். மறுநாளிலிருந்து நானாகவே பின் சீட்டில் உட்கார்ந்தேன். முன்னுக்குப் போகவே இல்லை. அவரும் ஏன் என்று கேட்கவில்லை. கேட்காததுதான் தண்டனை என்று எடுத்துக்கொண்டேன்.

நானாவின் கடையில் நின்றபடியே அம்மாவுக்குக் கோல் எடுத்தேன். அந்தக் கண்ணாடி எப்போது ஒட்டியது?

"நீ நேர்சரி போற காலம். காருக்குக் கண்ணாடி கெடைக்கலன்னு என் அலமாரிய வெட்டிட்டாரு மனுஷன். நான் ரெண்டு நாள் பேசல."

"ஏம்மா என்கிட்ட சொல்லல?"

"நீ கேட்டியா? அது சரி, நீ ஏன் பின் சீட்டுக்குப் போனே? 'என் ஓட்டத்துல பிள்ளைக்கு நம்பிக்கை போயிருச்சு'ன்னு கடைசி வரைக்கும் சொல்லிக்கிட்டிருந்தாரு."

ஃபோனை வைத்தேன். கண்ணாடி பாதி ரோட்டைத்தான் காட்டும் என்று அவருக்குத் தெரியும். அப்படியானால் பிழை தன்னுடையது என்று அன்று அவர் சொன்னது உண்மையா? பார்க்காமல் "ஹரி" சொன்னது நான். அப்படியானால் பொய்யா? நான் அவருக்குப் பயந்து பின்னால் போனேன். அவர் எனக்கு என்ன ஆனதென்று தெரியாமல் முன்னால் தனியாக ஓட்டினார். ஒரே காரில், இத்தனை வருடம்.

"நானா, அந்தப் பூ வச்ச துண்டு?"

"கையக் கிழிச்சிரும்னு குப்பைப் பீப்பாவுல போட்டேன் தங்கச்சி. தூளாப் போச்சு."

புதுக் கண்ணாடி பூட்டியாகிவிட்டது. ரோடு, மதில், தூரத்து பஸ், எல்லாமே தெரிந்தது. நானா இடது பக்கம் போய் நின்று கையை ஆட்டினார்.

"ஹரி, ஹரி. வாங்க."

கண்ணாடியிலும் ரோடு வெறுமையாகத்தான் இருந்தது. ஆனாலும் பிரேக்கிலிருந்து காலை எடுக்க முடியவில்லை. பக்கத்துச் சீட்டைத் திரும்பிப் பார்த்தேன். தோடம்பழத் தோல்கூட இல்லை.