மாமாவின் முன் டிபரன்ஷல்

சூடேறிய கியர் எண்ணெயின் மணம் எங்கிருந்து வந்தாலும் எனக்கு உம்மாவின் முகம்தான் நினைவுக்கு வரும். எங்கள் ஜீப்பின் முன்சீட்டில் உட்கார்ந்து, பாதையையும் வாப்பாவின் இடது கைப்பக்கம் இருந்த கம்பியையும் மாறி மாறிப் பார்த்துக்கொண்டு வருவார். அந்தக் கம்பியை இழுத்தால் நான்கு சில்லுகளும் இழுக்கும். தள்ளினால் பின் சில்லுகள் மட்டும். வயல் பாதைச் சேற்றில் இழுக்க வேண்டும், தாரில் ஏறியதும் தள்ளிவிட வேண்டும். மறந்தால் மாமாவின் டிபரன்ஷல் உடைந்துவிடும்.

மாமா உம்மாவின் ஒரே தம்பி. கடற்கரையில் மீன் ஏற்றி உள்ளூர்களில் விற்றவர். கடல் ஊருக்குள் வந்த காலையில் அவர் கரையில்தான் நின்றார். அவருடைய ஜீப் தென்னந்தோப்பில் தலைகீழாகக் கிடந்தது, அவர் கிடைக்கவேயில்லை. எங்கள் முற்றத்து ஜீப்பின் முன் அச்சில் இருந்த பல்சக்கரப் பெட்டியை, அதாவது டிபரன்ஷலை, ஒரு தோணி மோதிப் பிளந்திருந்தது. புதிய சாமான் எடுக்க அப்போது வழியில்லை. தம்பிலுவில் ஊர் மெக்கானிக்கைக் கூப்பிட்டு, மாமாவின் முன் டிபரன்ஷலைக் கழற்றி எங்கள் ஜீப்பில் பூட்டச் சொன்னார் வாப்பா.

இரண்டுக்கும் பல்லுக் கணக்கு வேறு என்று மெக்கானிக் முதலிலேயே சொல்லிவிட்டார். பின் சில்லு ஒரு சுற்று வருவதற்குள் முன் சில்லு கொஞ்சம் கூடுதலாகச் சுற்றப் பார்க்குமாம். சேற்றிலும் மணலிலும் சில்லு வழுக்கி அந்த வித்தியாசத்தைச் சரிக்கட்டிக்கொள்ளும். தார் வழுக்க விடாது, முறுக்கேறி எங்காவது உடைந்துதான் தீரும்.

“தாருல கம்பிய மறந்திடாதீங்க காக்கா” என்று வாப்பாவிடம் சொல்லிவிட்டுப் போனார்.

பிறகு பொருத்தமான டிபரன்ஷல் ஒன்று விலைக்கு வந்தது. வாப்பா மாற்றிவிட நினைத்தார். உம்மா விடவில்லை.

“இது அவன்ட அமானிதம். கழட்டி மூலையில போட்டா உப்புக் காத்துல துருப்பிடிச்சிப் போகும். ஓடிட்டே இரிக்கட்டும். அவன் வந்து கேட்டா ஓடுற சாமானாக் குடுப்பம்.”

வாப்பா மாற்றாமல் விட்டுவிட்டார். ஊரில் எல்லா வீடுகளிலும் கடல் கொண்டுபோனவர்களை இறந்தவர்களாக எண்ணிக் கத்தம் ஓதி முடித்திருந்தார்கள். எங்கள் வீட்டில் மட்டும் அந்தப் பேச்சையே எடுக்க முடியாது. உயிரோடு இருப்பவனுக்கு யாராவது கத்தம் ஓதுவார்களா என்று உம்மா சீறுவார். இறக்காமத்து வயலிலிருந்து திரும்பும்போது, சேறு முடிந்து தார் தொடங்கும் மதகு வந்ததும், “கம்பி” என்பார். நாங்கள் பிள்ளைகள் உம்மாவுக்கு அதையே பட்டப்பெயராக வைத்துச் சிரித்தோம். அந்த ஒற்றைச் சொல்லில் எவ்வளவு பயம் இருந்தது என்று அப்போது எங்களுக்கு விளங்கவில்லை.

யுத்தம் முடிந்தது. “காபட்” தார் ரோட்டு வந்தது. மதகை இடித்து, வயல் பக்கம் வரைக்கும் கறுப்பாக இழுத்துவிட்டார்கள். அடுத்த மாரியில் குளத்து வெள்ளம் பாய்ந்து புதிய ரோட்டின்மேல் சேறு படிந்துகிடந்தது. கண்ணுக்கு அது பழைய சேற்றுப் பாதைதான். வாப்பா கம்பியை இழுத்தபடியே ஓட்டினார். உம்மா, இல்லாத மதகைத் தேடிக்கொண்டு வந்தார். மெல்லிய சேற்றுக்கு அடியில் தார் சில்லுகளைப் பிடித்துக்கொண்டது. ஜீப் முனகியது, ஸ்டியரிங் இறுகியது, எண்ணெய் மணந்தது. வாப்பா பிரேக்கை மிதிப்பதற்குள் எங்கள் காலடியில் படாரென்று ஒரு சத்தம்.

மறுநாள் மெக்கானிக் டிபரன்ஷலைத் திறந்தபோது எண்ணெயோடு பற்கள் உதிர்ந்து விழுந்தன. உம்மா ஒரு பல்லை எடுத்துக் கையில் வைத்துப் பார்த்தார். அழவில்லை. எனக்குத்தான் அழுகை வந்தது. உம்மா அந்தி மஃரிபு தொழுதுவிட்டு வாப்பாவிடம் வந்து நின்றார்.

“தம்பிக்குக் கத்தம் ஓதுவம்” என்றார்.

அந்த ஜீப் பழைய இரும்புக்குப் போய்விட்டது. மதகு எங்கே இருந்தது என்று இன்று என்னாலும் காட்ட முடியாது. தார் ஒரே சீராக ஓடுகிறது. என் கணவரின் காரில் அந்த வழியாகப் போகும்போதெல்லாம் உம்மாவை முன்சீட்டில் உட்காரச் சொல்வேன். அவர் பின்கதவைத் திறந்து ஏறிக்கொள்வார்.

“எனக்கு அங்க என்ன வேல இரிக்கி, மகள்” என்பார்.